மெழுகுத்தாள் முதல் ரிசோகிராஃப் வரை: துளையச்சின் வரலாறும் ஒரு தொடக்கநிலைப் பயிலரங்கின் பாடமும்

முன்னுரை

தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோர் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளியான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். அங்கிருந்து தரங்கம்பாடி, சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என ஈய எழுத்து சென்ற வழியே அவ்வரலாறும் செல்கிறது. இவ்வழி பொருத்தமானதே. ஆயினும், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறைகளில் மாணவர் நாள்தோறும் கையில் எடுத்துப் படித்த தாள்களை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பல ஈய எழுத்தால் அச்சானவை அல்ல என்பது புலப்படும். மாதத் தேர்வின் கேள்வித்தாள், இலக்கணப் பயிற்சித்தாள், பள்ளி ஆண்டு விழா மலர், சங்கக் கூட்ட அறிக்கை ஆகியவை சைக்ளோஸ்டைல் எனப்பட்ட கருவியிலும், அதன் வழித்தோன்றலான ரிசோகிராஃப் கருவியிலும் உருவானவை. ஆசிரியர்கள் 'ரிசோ' என்று சுருக்கமாகச் சொல்லும் அக்கருவியைப் பள்ளி அலுவலகத்தில் காணாதவர் சிலரே. எனினும், அதற்கு ஒரு வரலாறு உண்டு என்று எண்ணிப் பார்த்தவரும் சிலரே.

அண்மையில் சிங்கப்பூரில் ஒரு சிறிய அச்சுக்கூடம் தொடக்கநிலையினருக்காக நடத்திய ரிசோகிராஃப் பயிலரங்கில் இக்கட்டுரையாளர் ஒருநாள் மாணவராக அமர்ந்தார். பள்ளி அலுவலகத்துக் கருவி இன்று ஓவியர்களின் கருவியாக மாறியிருப்பதைக் காணும் ஆவலே அதற்குக் காரணம். கற்றுத் திரும்பியபோது, வீட்டில் நெடுங்காலமாக இருந்த சில பழைய தாள்களை வேறு கண்ணோடு பார்க்க நேர்ந்தது. துளையச்சின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதும், அவ்வச்சைக் கையால் பழகுவது பழைய தாள்களை வாசிக்கும் ஆய்வு முறையாகவும் அமையக்கூடும் என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

துளையச்சு: ஒரு விளக்கம்

அச்சு முறைகளை மை நிற்கும் இடத்தைக் கொண்டு பிரித்தறியலாம். ஈய எழுத்து அச்சில் மேடாக உள்ள பகுதியில் மை நிற்கிறது. கல்லச்சில் எண்ணெய்ப் பசை ஏறிய இடம் மையைப் பற்றிக்கொள்ள, நீர் ஏறிய இடம் அதனை விலக்குகிறது. துளையச்சிலோ மை எதன் மேலும் நிற்பதில்லை. துளையின் ஊடே புகுந்து தாளை அடைகிறது. மெழுகு பூசிய மெல்லிய தாளில் கூர்முனையால் எழுதினால், எழுதிய இடத்தில் மெழுகு விலகி நார் மட்டும் எஞ்சும். மறுபுறத்திலிருந்து அழுத்தப்படும் மை அந்த இடத்தில் மட்டும் கசிந்து எழுத்தாகிறது. எழுத்தாணியால் ஓலையில் கீறிப் பின்னர்க் கரி தடவி எழுத்தைப் புலப்படுத்திய மரபுக்கும் இதற்கும் வரலாற்று உறவு ஏதும் இல்லை. எனினும், கீறலே எழுத்தாகும் என்ற ஒப்புமை கருதத்தக்கது.

மேலை நாடுகளில் தோற்றம்

1876ஆம் ஆண்டு அமெரிக்காவில் தாமஸ் எடிசன் மின்பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அப்பேனாவின் ஊசி விரைவாக மேலும் கீழும் இயங்கித் தாளில் நுண்துளைகளை இட்டது. 1880இல் அவர் பெற்ற மற்றொரு காப்புரிமை, வரியோடிய உலோகத் தகட்டின் மீது தாளை வைத்துக் கூர்முனையால் எழுதும் எளிய முறையைப் பற்றியது. சிகாகோ நகரைச் சேர்ந்த ஆல்பர்ட் பிளேக் டிக் என்பவர் எடிசனின் உரிமையைப் பெற்று, 1887 முதல் 'மிமியோகிராஃப்' என்ற பெயரில் இக்கருவியை விற்கத் தொடங்கினார்.

இதே காலத்தில் ஹங்கேரியில் பிறந்து இலண்டனில் குடியேறிய டேவிட் கெஸ்டெட்னர், முனையில் சிறு பற்சக்கரம் பொருத்திய ஒரு பேனாவுக்கு 1881இல் காப்புரிமை பெற்றார். சக்கரம் உருளும்போது மெழுகுத்தாளில் புள்ளி புள்ளியாகத் துளைகள் விழுந்தன. அப்பேனாவின் பெயரே 'சைக்ளோஸ்டைல்'. சக்கரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த அப்பெயர், பின்னர்ப் பேனாவை விட்டு நீங்கி, அச்சிடும் முறைக்கே பெயராகித் தமிழ் ஆசிரியர் நாவிலும் நிலைத்தது. இலங்கைத் தமிழர் வழக்கில் உள்ள 'ரோனியோ' என்ற சொல்லும் இத்தகையதே. சுழல்வது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதற்பகுதியும் 'நியோஸ்டைல்' என்ற கருவிப் பெயரின் முதற்பகுதியும் சேர்ந்து அமைந்த வணிகப் பெயர் அது.

இவ்விடத்தில் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. மெழுகைத் தாங்கும் அளவுக்கு மெல்லியதும், கீறினாலும் கிழியாத அளவுக்கு உறுதியானதுமான தாள், நீண்ட நார்களைக் கொண்ட ஜப்பானியத் தாளே. எனவே இலண்டனிலும் சிகாகோவிலும் இயங்கிய கருவிகளுக்குரிய தாளின் மரபு, ஜப்பானியக் கைவினைஞரிடமிருந்து வந்ததாகும்.

ஜப்பானில் 'காரிபான்'

1893ஆம் ஆண்டு சிகாகோவில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அக்காலத்தில் அமெரிக்கா சென்ற ஹொரி ஷின்ஜிரோ என்பவர் மிமியோகிராஃப் முறையை அறிந்து நாடு திரும்பினார். 1894இல் அவரும் அவருடைய வளர்ப்பு மகனும் ஜப்பானிய எழுத்துக்கு ஏற்ற கருவியை உருவாக்கினர். அரம் போன்ற எஃகுத் தகட்டின் மீது மெழுகுத்தாளை விரித்து, இரும்பு முனையால் எழுதும் முறை அது. எழுதும்போது எழும் 'காரி காரி' என்ற கீறலோசையால் அது 'காரிபான்' என்று வழங்கலாயிற்று. அம்முனைக்கு ஜப்பானியர் இட்ட பெயருக்கு 'இரும்புத் தூரிகை' என்பது பொருள்.

மேலை நாடுகளில் மெழுகுத்தாள் விரைவிலேயே தட்டச்சுப் பொறியோடு இணைந்தது. மை நாடாவை விலக்கிவிட்டுத் தட்டினால் எழுத்தச்சு நேரே மெழுகுத்தாளைத் துளைக்கும். இருபத்தாறு எழுத்துள்ள மொழிக்கு அது எளிது. ஜப்பானியருக்கோ சீன எழுத்துக்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். 1915இல் சுகிமோதோ கியோதா உருவாக்கிய ஜப்பானியத் தட்டச்சுப் பொறியில் ஏறத்தாழ 2,400 எழுத்துகள் தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. பயிற்சி பெற்றவர் மட்டுமே அதனை இயக்க இயலும். கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்கு அது எட்டாத பொருள். ஆகவே ஜப்பானில் கையால் எழுதப்படும் மெழுகுத்தாள் வழக்கொழியாது பல பத்தாண்டுகள் நீடித்தது. எழுத்துத் தொகை மிகுந்த மொழிக்குத் துளையச்சே மலிவான, கட்டற்ற அச்சாக அமைந்தது எனலாம். எழுத்துக்கு எத்தனை வடிவம் இருப்பினும் மெழுகுத்தாள் கணக்குக் கேட்பதில்லை. மேலை நாட்டில் தட்டச்சுப் பொறிக்குத் துணையாக நின்ற துளையச்சு, கிழக்கில் அதற்கு மாற்றாக நின்றது என்பதே இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டிய செய்தி.

தமிழும் துளையச்சும்

தமிழின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 247 எழுத்துகளையும் தனித்தனி விசையாக அமைப்பது இயலாது. எனினும், உயிர்மெய்க் குறிகளைப் பிரித்து அமைத்தால் ஒரு பொறிக்குள் அடக்கலாம். அதனைச் செய்து காட்டியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் வந்து பணியாற்றிய ஆர். முத்தையா. புள்ளி, விசிறி முதலிய குறிகளுக்கு, அழுத்தினாலும் தாள் நகராத விசைகளை அமைத்து, தமிழ்த் தட்டச்சுப் பொறியை அவர் உருவாக்கினார். தமிழ் எழுத்து அலுவலகப் பொறிக்குள் புகுந்த வரலாற்றில் இவ்வட்டாரத்துக்கும் பங்குண்டு என்பது பெருமைக்குரியது.

ஆயினும், தமிழ்த் தட்டச்சுப் பொறி எல்லாப் பள்ளிகளையும் எட்டிவிடவில்லை. அது எட்டாத இடத்தில் ஆசிரியர் கையே எழுத்தச்சாயிற்று. மெழுகுத்தாளை விரித்து, கூர்முனைப் பேனாவால் கேள்விகளை எழுதி, படங்களையும் தாமே வரைந்து, சக்கரக் கைப்பிடியைச் சுழற்றிப் படிகள் எடுத்த ஆசிரியர், நூலாசிரியர், ஓவியர், அச்சுக்கோப்பவர், அச்சிடுபவர் ஆகிய நால்வரின் பணியையும் ஒருவராகவே செய்தார். ஈய எழுத்துப் பெட்டியில் இல்லாத வடிவங்களையும் அவரால் எழுத இயன்றது. யாப்பிலக்கணத்தில் அசை பிரிக்கும் கோடு, இலக்கண அட்டவணை, மலாய்ச் சொல்லுக்கு அருகில் தமிழ் விளக்கம், வரைபடத்தில் ஆற்றின் வளைவோடு வளைந்து செல்லும் பெயர் ஆகியன எல்லாம் அச்சகத்தில் கூடுதல் செலவு. மெழுகுத்தாளில் இன்னொரு கீறல் மட்டுமே.

குறைகளும் இருந்தன. வட்டமாக முடியும் கோடுகளை அழுத்தி எழுதினால் உட்பகுதி பெயர்ந்து விழுந்து, எழுத்து கரும்புள்ளியாகிவிடும். சுழிகள் நிறைந்த தமிழுக்கு இது பெருந்தொல்லை. பிழை நேர்ந்தால் அவ்விடத்தில் திருத்த நீர்மம் பூசி, உலர்ந்த பின் அதன் மேல் மீண்டும் எழுத வேண்டும். படிகள் மிகுதியாக எடுக்குந்தோறும் மெழுகுத்தாள் நீண்டு, சுருங்கி, இறுதியில் கிழியும்.

ரிசோகிராஃபின் தோற்றம்

1946ஆம் ஆண்டு, போருக்குப் பிந்திய தோக்கியோவில் ஹயாமா நொபொரு என்பவர் காரிபான் அச்சுத் தொழிலைச் சிறிய அளவில் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'ரிசோ'. இலட்சியம் என்பது அதன் பொருள். 1950களின் நடுப்பகுதியில் எண்ணெயும் நீரும் நுண்துளிகளாகக் கலந்த அச்சு மையை உருவாக்கியதே அந்நிறுவனத்தின் முதல் பெருவெற்றி. 1977இல் 'பிரிண்ட் கொக்கோ' என்ற சிறு கருவி வெளிவந்தது. 'விளையாட்டாகப் பாவனை செய்தல்' என்னும் பொருளுள்ள ஜப்பானியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. புத்தாண்டு வாழ்த்து அட்டைகளை வீட்டிலேயே அச்சிட ஜப்பானியக் குடும்பங்கள் அதனைப் பெரிதும் விரும்பின. அக்கருவியின் தயாரிப்பு 2008இல் நின்றது.

1980இல் 'ரிசோகிராஃப்' என்ற பெயர் தாங்கிய கருவி வெளியாயிற்று. பின்னர் வந்த மாதிரிகளில் மூலத்தாளை ஒளியால் வாசிக்கும் பகுதியும், வெப்பமுனையும், அச்சு உருளையும் ஒரே பெட்டிக்குள் அடங்கின. இக்கருவியில் மெழுகு இல்லை. நீண்ட நார்த்தாளோடு ஒட்டிய மிக மெல்லிய பாலியெஸ்டர் படலமே மூலப்படலமாகிறது. வெப்பமுனை அதில் நுண்துளைகளைச் சுட்டு உண்டாக்குகிறது. படலம் உருளையின் மேல் தானாகச் சுற்றிக்கொள்ள, உருளையின் உள்ளிருந்து மை வெளிவருகிறது. ஒரு நிமிடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் கிடைக்கின்றன. இரும்புத் தூரிகையின் இடத்தை வெப்பம் பெற்றுக்கொண்டதே அன்றி, 1894இன் அடிப்படை மாறவில்லை. 1959இல் அறிமுகமான செராக்ஸ் 914 முதலிய ஒளிநகல் கருவிகள் பழைய சைக்ளோஸ்டைல் கருவிகளைப் படிப்படியாக அகற்றின. கெஸ்டெட்னர் நிறுவனமும் 1995இல் ரிக்கோ நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஆனால், ஒரே தாளை நூற்றுக்கணக்கில் மலிவாகப் படியெடுக்க வேண்டிய பள்ளிகளில் ரிசோகிராஃப் நிலைத்து நின்றது. பின்னர், அதன் அரைகுறை ஒளிபுகும் வண்ண மைகளைக் கண்டு ஓவியரும் சிறுவெளியீட்டாளரும் அதனைத் தம் கருவியாக்கிக்கொண்டனர்.

பயிலரங்கில் கற்றவை

பயிலரங்கில் தரப்பட்ட பணி எளியது: இரு வண்ணத்தில் ஓர் அட்டை அச்சிடுவது. தொடக்கப்பள்ளி மாணவருக்கு உதவும் வகையில் 'பழம்' என்ற சொல்லையும் ஒரு மாம்பழப் படத்தையும் இக்கட்டுரையாளர் தேர்ந்துகொண்டார்.

முதற்பாடம், வண்ணத்தைக் கருப்பில் சிந்திப்பது. மஞ்சளில் வரவேண்டிய பழத்தை ஒரு தாளிலும், நீலத்தில் வரவேண்டிய எழுத்தையும் இலையையும் மற்றொரு தாளிலும் கருப்பு மையாலேயே வரைய வேண்டும். கருவிக்கு இருளும் ஒளியும் மட்டுமே தெரியும். வண்ணம் என்பது எந்த உருளையைப் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. பழமும் இலையும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் பச்சை பிறக்கும் என்பதை முன்கூட்டியே மனத்தில் காண வேண்டும்.

இரண்டாம் பாடம், பொறுமை. ரிசோகிராஃப் மை தாளுக்குள் ஊறுவதாலேயே உலர்கிறது. மெருகிட்ட தாளில் அது உலர்வதேயில்லை. மஞ்சள் அச்சான நாற்பது தாள்களையும் சற்று நேரம் உலரவிடாமல் இரண்டாம் முறை செலுத்தினால், தாளை இழுக்கும் உருளையின் தடம் ஒவ்வொன்றிலும் பதியும். அவசரப்பட்ட முதல் ஐந்து தாள்களில் அத்தடம் பதிந்தது.

மூன்றாம் பாடம், பொருத்தம். இரண்டாம் வண்ணம் முதல் வண்ணத்தோடு சரியாக வந்து பொருந்துவது அரிது. இலை பழத்தின் காம்பிலிருந்து ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் விலகி நின்றது. திருத்தியும் தாளுக்குத் தாள் சிறு வேறுபாடு எஞ்சியது. இவ்வேறுபாட்டையே இன்றைய கலைஞர் அழகாகக் கொள்கின்றனர் என்று பயிற்றுநர் விளக்கினார்.

நான்காம் பாடம் எதிர்பாராதது. அச்சு பாதி முடிந்த நிலையில், தாளை எடுத்துப் பார்த்தபோது அது 'பழம' என்றிருந்தது. மகரத்தின் புள்ளி விடுபட்டிருந்தது. தமிழாசிரியர் ஒருவருக்கு நேரக்கூடாத பிழை. உருளையில் உள்ள படலத்தில் ஒரு புள்ளி இட இயலுமா என்று கேட்டபோது, இயலாது, மூலத்தாளைத் திருத்தி வேறொரு படலம் எடுக்க வேண்டும் என்ற விடை கிடைத்தது. புதிய படலம் ஒரு நிமிடத்திற்குள் ஆயத்தமாயிற்று. பழைய படலம் குப்பைக்குச் சென்றது. புள்ளியிட்டதற்கான சுவடு புதிய தாள்களில் எதுவுமில்லை.

பழைய தாள்களை வாசித்தல்

சுவடு எதுவுமில்லை என்ற அந்நிலையே இக்கட்டுரையாளரை வீட்டிலிருந்த பழைய தாள்களிடம் மீண்டும் அழைத்துச் சென்றது. தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்த தந்தையார், பள்ளியின் ஆண்டிறுதி விழாவுக்காக ஆயத்தம் செய்த எட்டுப் பக்க மலர் அது. ஆண்டோ, அச்சிட்டவர் பெயரோ அதில் இல்லை. இரண்டு படிகள் எஞ்சியுள்ளன. அவை ஒன்றே என்று கருதி, ஒன்றை மட்டும் படித்து மற்றதை மடித்து வைத்ததே இதுவரை நிகழ்ந்தது.

இரு படிகளையும் அருகருகே வைத்து நோக்கியபோது சில செய்திகள் புலனாயின. எழுத்துகளின் தடிமன் ஒரே சீராக இருப்பதும், வளைவுகளில் கோடு சற்றே அறுபடுவதும், இவை தட்டச்சால் ஆனவையல்ல, கூர்முனையால் எழுதப்பட்டவை என்பதைக் காட்டுகின்றன. சில இடங்களில் 'லை', 'னை' ஆகியவை பழைய கொம்பு வடிவிலும், சில இடங்களில் இன்றைய வடிவிலும் உள்ளன. தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் பரவிக்கொண்டிருந்த காலத்தைச் சேர்ந்த கை அது எனக் கருதலாம். ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் வேறொரு பக்கத்தின் நிழல் இடம் வலமாகப் படிந்துள்ளது. உலர்வதற்குள் அடுக்கப்பட்ட தாள்களிலேயே அவ்வாறு நிகழும். விழாவுக்கு முந்திய இரவின் அவசரத்தை அந்நிழல் இன்றும் சுமந்து நிற்கிறது.

ஏழாம் பக்கத்தில் பரிசு பெறும் மாணவர் பட்டியல் உள்ளது. அப்பக்கத்தின் மேல் மூலையிலிருந்து மயிரிழை போன்ற ஒரு கோடு கீழிறங்குகிறது. மெழுகுத்தாளில் விழுந்த சுருக்கம் அது. ஒரு படியில் அக்கோடு முதல் வரியோடு நின்றுவிடுகிறது. மற்றதில் ஐந்தாம் வரிவரை நீள்கிறது. ஆகவே, கோடு நீண்டுள்ள படியே பின்னர் அச்சானது என்பது உறுதி. பின்னர் அச்சான அப்படியில், எட்டாவது பெயருக்கும் ஒன்பதாவது பெயருக்கும் இடையே சிறிய எழுத்தில் ஒரு மாணவியின் பெயர் உள்ளது. முந்திய படியில் அப்பெயர் இல்லை.

இதன் பொருள் யாது? அச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பெயர் விடுபட்டமை கண்ணில் பட்டிருக்கிறது. கருவி நிறுத்தப்பட்டிருக்கிறது. மையேறிய மெழுகுத்தாளிலேயே, கை கறைபட, அப்பெயர் கீறப்பட்டிருக்கிறது. அதன் பின்னரே அச்சு தொடர்ந்திருக்கிறது. பெயரில்லாத படி எவருக்கும் வழங்கப்படாமல் வீட்டிலேயே தங்கிவிட்டதும் இக்காரணத்தாலேயே ஆகலாம். ஒரு பிள்ளையின் பெயருக்காகச் சுழலும் கருவியை நிறுத்திய அச்செயலை எந்தப் பள்ளிப் பதிவேடும் குறித்து வைக்கவில்லை. அதற்குச் சான்று இவ்விரு தாள்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே. ஒரு படியை வைத்துக்கொண்டு மற்றதைக் களைந்திருந்தால் அச்சான்றும் அழிந்திருக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகளைப் பெறலாம். துளையச்சு, ஈய எழுத்து அச்சின் ஏழை உறவு அன்று. எழுத்துத் தொகை மிகுந்த மொழிகளுக்கு அது தனியொரு வழியைத் திறந்துவிட்டது. ஜப்பானில் அவ்வழி காரிபானாகி, ரிசோகிராஃபாக வளர்ந்து, மலேசிய, சிங்கப்பூர்ப் பள்ளி அலுவலகங்களுக்கு வந்து சேர்ந்தது. தமிழாசிரியர் கையால் எழுதிய மெழுகுத்தாளும் அவ்வழியைச் சேர்ந்ததே. எனவே, இவ்வட்டாரத் தமிழ் அச்சு வரலாற்றில் கேள்வித்தாளுக்கும் பள்ளி மலருக்கும் உரிய இடம் வழங்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, இத்தகைய தாள்களைத் திரட்டுவோர் ஒரே வெளியீட்டின் பல படிகள் கிடைப்பின், அனைத்தையும் பேணுதல் வேண்டும். ஈய எழுத்து நூலில் மிகை எனத் தோன்றும் படி, துளையச்சில் தனிச் சான்றாகிறது. தாளின் பின்புறமும், மூலைச் சுருக்கமும், மையின் நிழலும் ஒளிப்படமாக்கப்பட வேண்டும். பாடத்தை மட்டும் தட்டச்சு செய்து வைத்தால் இவை அனைத்தும் மறையும்.

மூன்றாவதாக, அச்சு வரலாறு பயிலும் மாணவர் ஒரு நாளேனும் அச்சிட்டுப் பழகுதல் நன்று. விடுபட்ட ஒரு புள்ளியைச் சேர்க்க முனைந்தபோதுதான், விடுபட்ட ஒரு பெயர் சேர்க்கப்பட்டதை இக்கட்டுரையாளரால் காண முடிந்தது. மெழுகுத்தாளில் எழுதிப் பழகிய ஆசிரியர் பலர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்தம் அலமாரிகளில் உள்ள தாள்கள் பழந்தாள் விற்பனைக்குச் செல்லுமுன், அவற்றை எடுத்து வைத்து, அவை எவ்வாறு உருவாயின என்று அவர்களிடமே கேட்டறிவது தமிழாசிரியர்களாகிய நம் அனைவராலும் இயலக்கூடிய பணியாகும்.